பத்தாவது அழுகை

கர்ரென்று கல்லில் மரம் உரசுகிற சத்தம். மணிதான் அடித்துவிட்டதோ என்று நெஞ்சு ஒரு தரம் நின்றுவிட்டுத் திரும்ப ஓடுகிறது. கண் திறக்கவில்லை, இமை இரண்டும் பசை வைத்த மாதிரி ஒட்டிக்கிடக்கிறது. இல்லை, மணி இப்படி உரசாது, மணி வயிற்றில் வந்து இடிக்கும். இது பெஞ்சு. திரைக்கு அந்தப் பக்கம் ஆம்பளைகள் வந்து பெஞ்சை இழுத்துப் போடுகிறார்கள். அப்படியென்றால் சாயங்காலம் வந்துகொண்டிருக்கிறது, வந்துவிடவில்லை. தூங்கிவிட்டேனா, நானா? ஓரியா என்றால் கோட்டையில் யாருக்கும் சட்டென்று தெரியாது, இரவுக்காரி என்றால்தான் தெரியும். ராஜ வீட்டுத் தொட்டில்களுக்குப் பக்கத்தில் கண் மூடாமல் உட்கார்ந்திருக்கிறதுதான் என் பிழைப்பு. பகலில் தூங்குவேன், ராத்திரி விழித்திருப்பேன். இந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து பகலும் என்னிடம் வந்துவிட்டது, அதனால் தூக்கத்துக்குப் போக்கிடம் இல்லாமல் உட்கார்ந்த இடத்திலேயே வந்து பிடித்துக்கொள்கிறது. மடியில் பாதி சுருட்டின துணிப்பட்டை அப்படியே கிடக்கிறது. தொட்டில். முதலில் தொட்டில். புறங்கையை நாக்கால் ஈரம் பண்ணி அவன் மூக்குக்குக் கீழே கொண்டுபோகிறேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு ஒரு சின்னக் குளிர்ச்சி, எறும்பு ஊதினால் எவ்வளவோ அவ்வளவு. இருக்கிறான். இன்னும் ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன். இருக்கிறான். சாளரப் பலகையின் இடுக்கு வழியாக வெயில் சாய்ந்து கட்டில் கால்வரைக்கும் வந்துவிட்டது, கட்டிலில் ராணி எல்விரா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், ஜுரத்தில் தலைமயிர் கழுத்தோடு ஒட்டியிருக்கிறது. வெயில் கட்டிலைத் தாண்டிச் சுவரைத் தொட்டால் மணி. அந்த மணிக்கு இந்தக் குழந்தை அழ வேண்டும். அழுதால் ராஜா. அழாவிட்டால் அவன் பிறக்கவே இல்லை என்று கணக்கு.

இப்படி ஒரு சட்டத்தை யார் யோசித்திருப்பார்கள் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். நவார், அரகான் என்கிற இரண்டு பெரிய ராஜ்யங்களுக்கு நடுவில் இரண்டு பள்ளத்தாக்கும் ஓர் ஆறும், அவ்வளவுதான் எங்கள் மோந்தேரா ராஜ்யம், இந்தக் கோடியில் ஆடு கத்தினால் அந்தக் கோடியில் கேட்கும், அதற்கு ஒரு சிம்மாசனம், அந்தச் சிம்மாசனத்துக்கு இத்தனை சட்டம். அப்பன் செத்தபின் பிறந்த பிள்ளை பத்து மாலை உயிரோடு இருக்க வேண்டும், ஒவ்வொரு மாலையும் மணி அடித்ததும் அவன் குரலைச் சாட்சிகள் கேட்க வேண்டும். பார்க்கக் கூடாது, கேட்க வேண்டும். பிரசவ அறைக்குள் நாற்பது நாளைக்கு ஆம்பளை காலெடுத்து வைக்கக் கூடாது, பெண் சொன்னால் அது சாட்சி இல்லை, அதனால் திரை, பெஞ்சு, காது. பழைய காலத்தில் ஒரு ராணி செத்துப்போன பிள்ளையைத் துணியில் சுற்றி, இதோ உங்கள் ராஜா என்று ஒரு குளிர்காலம் பூராவும் பலகணியில் நின்று காட்டினாளாம், ஜனங்கள் கீழே நின்று தொப்பியைக் கழற்றினார்களாம், அதற்கப்புறம் வந்த சட்டம். மூட்டையை நம்பாதே, பொம்பளையை நம்பாதே, தொண்டையை நம்பு. நாங்கள் யாராவது குழந்தை மாதிரி அழுதுகாட்டிவிட்டால்? அதற்கும் யோசித்திருக்கிறார்கள். குழந்தை அழும்போது அறையிலிருக்கிற பெண்கள் எல்லாரும் நிறுத்தாமல் மாதா ஜெபம் சொல்ல வேண்டும், எத்தனை வாய் என்று முன்னாலேயே எண்ணிக்கொள்வார்கள், ஒரு வாய் குறைந்தால் அந்த மாலை செல்லாது. காரியஸ்தர் அஸ்னார் அதற்கும் மேலே போய்விட்டார். அவர் செத்துப்போன ராஜாவின் தம்பி கலிந்தோவின் ஆள், வயிறு முன்னால் வந்து அவர் பின்னால் வருவார். பால் கொடுக்க வந்துபோகிறவளின் கைக்குழந்தையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாவு மில்லுக்கு அனுப்பிவிட்டார். உக்கிராணத்தில் குட்டி போட்டிருந்த பூனையைக் குட்டிகளோடு கூடையில் வைத்து மலைக்குக் கொண்டுபோய் விட்டுவரச் சொன்னார். குட்டி கத்துவது குழந்தை கத்துவது மாதிரி இருக்குமாம். சமையற்காரி சிரித்துச் சிரித்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அஸ்னாருக்கு ஒரு பூனை ராஜாவாகிவிடும் என்று பயம், எலிகளுக்குத்தான் இனி நல்ல காலம் என்றாள். நானும் சிரித்தேன். அது முதல் நாள். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது. மாசம் நிறையாமல் வந்த பிள்ளை, அவன் அப்பன் ஃபோர்தூன் ராஜா ஆற்றைக் கடக்கும்போது குதிரை இடறி விழுந்து செத்த சேதி வந்த ராத்திரியே வலி எடுத்துப் பிறந்தவன், ஆனாலும் முதல் நாள் குரல் இருந்தது. உள்ளங்காலை விரலால் சுண்டினேன், கத்தினான், திரைக்கு அப்பால் ஆஹா என்றார்கள். அப்புறம் அப்புறம் சுண்டினால் போதவில்லை. வெள்ளி ஊசி. காலைப் பிரித்துப் பார்த்தால் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு. நான் குத்தினது. இந்தக் கை குத்தினது.

நேற்று. நேற்றை நினைக்காதே. நினைக்காமல் எப்படி. நேற்று குத்தினதும் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை, முகம் சுருங்கிச் சிவந்து, சத்தம் வரவில்லை, நான் ஜெபத்தை நிறுத்தவும் கூடாது, அருள் என்று ஆரம்பித்து எங்கே போய்க்கொண்டிருக்கிறேன் என்று தெரியாமல் வாய் தானாகச் சொல்கிறது, பிறகு வந்தது, ஒரே ஒரு கீச்சு, துருப்பிடித்த கீல் மாதிரி, அந்தப் பக்கம் வேலா பாதிரியார் கேட்டது கேட்டது என்றார். அவர்கள் எழுந்து போனார்கள். இவன் நீலமாகிவிட்டான். உதடு அவரைப்பூ நிறம். தூக்கிக் குப்புறப் போட்டு முதுகைத் தேய்த்து, மார்பில் ஊதி, என் சட்டைக்குள் தோலோடு தோலாக வைத்து, வா வா வா என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் சுற்றிச் சுற்றி நடந்தேன். ராணி கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தான். எவ்வளவு நேரம் கழித்து என்று எனக்குத் தெரியாது, அந்த நேரத்துக்கு அளவு இல்லை. அதற்கப்புறம் தூங்குகிறான். ராத்திரி தூங்கினான், காலையில் தூங்கினான். மத்தியானம் பால் நனைத்த துணி நுனியை உதட்டில் வைத்தேன், முதலில் பேசாமல் கிடந்தான், அப்புறம் நாக்கு அசைந்தது, சப்பினான். மூன்று தடவையா நாலு தடவையா, சப்பினான், எண்ணவில்லை. இது நல்ல தூக்கமா? இல்லை அந்தத் தூக்கமா? இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், முகம் தெளிந்து, கை விரல் விரிந்து. என்னைக் கேட்டால் உடம்பு தன்னைத் தைத்துக்கொள்கிற தூக்கம் என்று சொல்வேன், ஆனால் யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், யாரும் இல்லை, குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டது, பார்த்துத் தெரிந்துகொண்டதில் பாதி தப்பாகத்தான் இருக்கும், எந்தப் பாதி என்று தெரிந்தால் நான் ஏன் இங்கே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஒன்று தெரியும். நேற்று மாதிரி இன்னொரு அழுகை அவனுக்குள் இல்லை. இருந்தாலும் அதுதான் கடைசியாக இருக்கும். அழுகை வெளியே போகும், அவர்கள் கேட்டது என்பார்கள், ராஜா என்று கத்துவார்கள், இங்கே என் கையில். வேண்டாம். அதற்கு மேல் நினைக்காதே. துணியைச் சுருட்டு. சுருட்ட முடியவில்லை, விரல் ஊசி இருக்கிற கிண்ணத்தையே போய்ப் போய்த் தொடுகிறது. ஊசி இன்றைக்கு வேண்டாம். வேண்டாம் என்று எப்போது முடிவு பண்ணினேன்? இப்போதா, நேற்றைக்கு அறையைச் சுற்றி நடந்தபோதா? முடிவு நான் பண்ணின மாதிரி இல்லை, எழுந்து பார்த்தபோது எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது, கிளம்பாத விருந்தாளி மாதிரி. சரி, உட்கார்.

அந்தப் பக்கம் பேச்சு. அஸ்னார் ஏதோ சொல்ல யாரோ செருமுகிறார்கள். ராணியின் அப்பா அனுப்பின தளபதி லோப்பே காலை மாற்றி மாற்றி நிற்கிறான், பூட்ஸ் தோல் முனகுகிறது, அவன் உட்காரவே மாட்டான். ஜுரமான பெண்ணுக்குத் திரை வழியாகவே தைரியம் சொல்கிறவன், இன்னும் ஓர் அழுகை போதும் மகாராணி, ஒரே ஓர் அழுகை, அப்புறம் என் வாள் பார்த்துக்கொள்ளும் என்று காலையில்கூடச் சொல்லிவிட்டுப் போனான். நல்லவன். வாளால் என்ன பார்த்துக்கொள்வான்? வாளுக்கு மூச்சு விடத் தெரியுமா? ராஜாவாகி இவன் பிழைத்தே விடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். வைத்துக்கொண்டால் எனக்கு இனிகோதான் ஞாபகம் வருகிறார். வேலா பாதிரியார் தினமும் மாலை அழுகைக்கு முன்னால் வம்சத்தைப் படிப்பார், கோட்டையைக் கட்டின ஃபோர்தூன், அவர் மகன் அஸ்தூர், அஸ்தூரின் தம்பி கார்சியா, கார்சியாவின் மகன் ஃபோர்தூன் என்று. அஸ்தூருக்கும் கார்சியாவுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொள்வார். அந்த மூச்சில்தான் இனிகோ இருக்கிறார். அஸ்தூரின் பிள்ளை, நடக்கப் பழகுமுன்னே ராஜா. சித்தப்பா கார்சியா பிள்ளையின் பேரில் ராஜ்யத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு நிஜமாகவே எடுத்துக்கொண்டார். பழுக்கக் காய்ச்சின செம்புத் தட்டைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடித்தார்களாம், தொடவே இல்லை, கண் மட்டும் போய்விட்டது, தொடாததால் பாவம் இல்லை என்று யாரோ சொன்னார்களாம். நான் இந்தக் கோட்டைக்கு வேலைக்கு வந்தபோது இனிகோ வாலிபர், கீழ்த்தட்டில் ஒரு அறை, நான்தான் மத்தியானத்தில் கையைப் பிடித்து வெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். பேசிச் சிரிக்கிற மனுஷர். ஓரியா, உன் கை கட்டை மாதிரி இருக்கிறது, நீ அழகாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்ள விடமாட்டேன் என்கிறது என்பார். நீங்கள் ராஜாவாக இருந்தபோது என்ன பண்ணினீர்கள் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன், கேட்கலாமா கூடாதா என்று யோசிக்காத வயது. அவர் முகத்தை வெயிலுக்குத் திருப்பிக்கொண்டு, தூங்கினேன், எழுப்பி எழுப்பி உட்காரவைத்தார்கள், தூக்கம்தான் ஞாபகம் இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றார். போன பஞ்சத்தில் செத்துப்போனார், மணி அடிக்கவில்லை. ராஜாவாக இருந்தவருக்கு மணி அடிக்காமல் விட்டார்கள். அந்தக் கார்சியா கெட்டவரா? அவருடைய இரண்டு பிள்ளைகளையும் நான் ஆட்டித் தூங்க வைத்தேன், ராத்திரி காலணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சத்தம் போடாமல் வந்து தொட்டிலுக்குள் எட்டிப் பார்ப்பார். பெரியவன் ஃபோர்தூன், சின்னவன் கலிந்தோ. கலிந்தோவுக்கு என் காதைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும், இந்தக் காது, கொஞ்சம் நீண்டிருப்பது அவனால்தான் என்று இப்போதும் பார்க்கும்போது சொல்வான், ஆயா என்றுதான் கூப்பிடுவான். கெட்டவன் என்று யாரும் என் மடியில் வந்து படுக்கவில்லை. சிம்மாசனத்துக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு குழந்தை படுத்திருந்தால் அவன் கை என்ன செய்யும் என்று என் காதுக்குத் தெரியாது. நடுவில் குழந்தை இல்லையென்றால் அந்தக் கைக்கு வேலையும் இல்லை. பிறக்கவே இல்லை என்று கணக்கெழுதின பிள்ளையை யார் என்ன செய்வார்கள்? அவன் அப்பன் வீட்டுக்காரன் இல்லை. அப்போது யார் வீட்டுக்காரன்? அம்மா வீட்டுக்காரன். சட்டத்தில் அதுவும் இருக்கிறது. அஸ்னார்தான் போன வாரம் சத்தமாகச் சொன்னார், கணக்கில் வராத பிள்ளை தாயின் உடைமை, அவள் கொண்டுவந்த சீதனப் பெட்டி மாதிரி, போகும்போது எடுத்துக்கொண்டு போகலாம் என்று. குத்தலாகச் சொன்னார். எனக்கு அது தேன் மாதிரி இருந்தது என்று அப்போது தெரியவில்லை.

வெயில் போர்வை மேல் ஏறிவிட்டது. ராணி புரண்டு படுக்கிறாள், எவ்வளவு நேரம் இருக்கு என்கிறாள். கொஞ்சம்தான் அம்மா என்கிறேன். எழுந்து உட்கார்ந்துகொண்டு கையை நீட்டுகிறாள், தொட்டிலோடு கட்டில்மேல் வைக்கிறேன், இரண்டு கையால் தூக்குகிற அளவுதான் தொட்டில். என்னைவிட எத்தனை சின்னவள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் பனிக்காலத்தில் கோவேறு கழுதைமேல் வந்தாள், மூக்கு சிவந்திருந்தது, இறங்கினதும் இங்கே எல்லா வீட்டிலும் இவ்வளவு படிக்கட்டா என்று கேட்டாள். அவள் அப்பா வீடு சமவெளியில், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில், ஒரே தளம். ஊசியை எடு என்கிறாள். நான் எடுக்கவில்லை. ஓரியா, ஊசி. நான் துணிப்பட்டையின் நுனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குரலை ஏற்றினால் அந்தப் பக்கம் கேட்கும் என்பதால் எல்லாமே காற்றாகத்தான் வருகிறது அவள் வாயிலிருந்து, நான் இந்த மலைக்கு வந்ததே ஒரு ராஜாவைப் பெற்றுக்கொடுக்கத்தான், என் புருஷன் ஆற்றில் கிடந்தபோது இதைத்தான் நினைத்திருப்பார், பத்தாவது நாள், இன்றைக்குப் போய் நீ இப்படி உட்கார்ந்திருக்கிறாயே, உன் கையை வெட்டச் சொல்வேன் என்கிறாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்கிறாள், அவள் கை கொதிக்கிறது. என்ன சொல்வது. நேற்று நீங்கள் பார்த்தீர்கள் என்கிறேன். பார்த்தேன் என்கிறாள். அவன் மத்தியானம் பால் சப்பினான் என்கிறேன். அது அவளுக்குத் தெரியாது, தூங்கிக்கொண்டிருந்தாள். சப்பினானா? சப்பினான் அம்மா. இன்றைக்குத் தூங்க விட்டால் ராத்திரி இன்னும் சப்புவான், நாளைக்கு இன்னும் கொஞ்சம். எனக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்கிறாள். தெரியாது. பொய் சொல்லியிருக்கலாம், நாக்கு நுனியில் இருந்தது, தெரியும் அம்மா சத்தியமாகத் தெரியும் என்று. ஆனால் தெரியாது என்றுதான் வந்தது. தெரியாது, குத்தினால் என்ன ஆகும் என்று மட்டும் தெரியும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்க்கிறாள். அப்போதுதான் அதைச் சொல்கிறேன், மெதுவாக, இத்தனை நேரம் உள்ளே சுற்றிச் சுற்றி வந்ததை:

“அவன் ராஜா ஆயிட்டா அவங்க பிள்ளை. ஆகலைன்னா உங்க பிள்ளை, அம்மா.”

திரைக்கு அப்பால் லோப்பேயின் பூட்ஸ் நகர்கிறது, தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு, மகாராணி தைரியமாக இருங்கள் என்கிறான், அவள் ம் என்கிறாள். நான் கிண்ணத்திலிருந்து ஊசியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிடுகிறேன். என் கை குத்தாது. நீங்கள் தாய், நீங்கள் குத்தினால் நான் தடுக்க மாட்டேன். சொன்னேனா, நினைத்தேனா? தடுக்க மாட்டேனா? தடுப்பேன். தடுக்க முடியுமா, ராணியின் கையைப் பிடித்தால், அலறினால், அந்த அலறலே அவனை எழுப்பிவிடும். அவளை நம்ப வேண்டும். பெண்ணை நம்பாதே என்று சட்டம் போட்டவர்களுக்கு மத்தியில் நான் இந்தப் பெண்ணை நம்ப வேண்டும், எனக்கு வேறு வழி இல்லை. வெயில் சுவரைத் தொடுகிறது. தொட்டுவிட்டது. ஏன் இன்னும் அடிக்கவில்லை? மணிக்காரன் குடித்துவிட்டுப் படுத்திருப்பானோ, அடிக்காமலே இருந்துவிட்டால்.

அடித்தது. வயிற்றில் இடித்தது. குழந்தையின் கை ஒரு தரம் விரிந்து மூடிக்கொள்கிறது, கண் திறக்கவில்லை, நான் தொட்டில்மேல் குனிந்து இரண்டு காதுக்கும் பக்கத்தில் கையைக் குவித்து வைக்கிறேன், மணிச் சத்தம் அதில் மோதி நிற்கட்டும். பெஞ்சிலிருந்து எழுந்துகொள்கிற சத்தம். அறையில் எத்தனை வாய் என்று வேலா பாதிரியார் கேட்கிறார், இரண்டு என்கிறேன், ராணியம்மா ஒன்று, இரவுக்காரி ஒன்று. படிக்க ஆரம்பிக்கிறார். கோட்டையைக் கட்டின ஃபோர்தூன். அவர் மகன் அஸ்தூர். மூச்சு. இனிகோ, என்று நான் மனசுக்குள் சொல்கிறேன். அஸ்தூரின் தம்பி கார்சியா, கார்சியாவின் மகன் ஃபோர்தூன், ஃபோர்தூனின் மகன், இங்கே அவர் நிறுத்துகிறார், பேர் அழுதபின்தான் சொல்ல வேண்டும். மாதா ஜெபம் சொல்லுங்கள் மகளே என்கிறார், குரல் இதமாகத்தான் இருக்கிறது, வயசான மனுஷர், அவருக்கு இவன் அழ வேண்டும் என்று ஆசைகூட இருக்கலாம். நாங்கள் ஆரம்பிக்கிறோம். என் குரலும் அவள் குரலும், என்னுடையது தடிப்பு, அவளுடையது நூல். ராணி போர்வையை விலக்கிக் குழந்தையின் காலை வெளியே எடுத்துவிட்டாள். ஜெபம் போய்க்கொண்டிருக்கிறது. அவளுடைய கட்டைவிரல் அளவு பாதம். ஊசி அவள் வலது கையில். நான் அவள் கையைப் பார்க்கக் கூடாது என்று அவன் நெற்றியைப் பார்க்கிறேன், நெற்றியில் ஒரு நரம்பு, பச்சை, துடிக்கிறது, துடி, துடி. ஜெபம் முடிகிறது. அதற்குள் அழுகை வரவில்லை. குழந்தை அழட்டும் என்கிறார் பாதிரியார். மூன்று ஜெபம் வரைக்கும் காத்திருப்பார்கள், இது ஒன்று. இரண்டாம் தரம் ஜெபம் ஆரம்பிக்கிறோம், அவள் குரல் உடைகிறது, உடைந்தால் போச்சு, வாய் குறைந்தது என்பார்கள், ஏதோ சூது என்பார்கள், திரையைக் கிழித்துக்கொண்டு வரக்கூட வருவார்கள், சொல்லு அம்மா சொல்லு என்று அவள் முழங்காலைப் பிடித்து அழுத்துகிறேன், சொல்கிறாள். லோப்பே அந்தப் பக்கமிருந்து, சட்டத்தை மீறி, மகாராணி, தயவுசெய்து என்கிறான். பிச்சை கேட்கிற குரல். அஸ்னார் உஷ் என்கிறார். ஊசி முனை பாதத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, ஒரு அரிசி இடைவெளி. தூங்கு, நான் என் வாயால் மாதாவையும் மனசால் இவனையும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், தூங்கு, எழுந்துவிடாதே, ஒன்பது நாளாக எழு எழு என்று குத்தினவள் சொல்கிறேன், தூங்கு ராஜா, இல்லை, அந்தப் பேர் வேண்டாம், தூங்கு கண்ணு. குழந்தை அழட்டும். இரண்டு. மூன்றாம் தரம் ஆரம்பிக்கும்போது அவள் குரல் திடீரென்று தெளிந்து, ஏறி, என் குரலைத் தாண்டிப் போகிறது. திரும்பிப் பார்க்கிறேன். பாதத்தை முழுசாக உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டிருக்கிறாள். ஊசி படுக்கையில் எங்கேயோ. கண்ணிலிருந்து ஓடுகிறது, துடைக்கவில்லை, வாய் மட்டும் ஜெபத்தைத் திருத்தமாக, ஒரு சொல் விடாமல், அந்தப் பக்கத்தில் இருக்கிற எல்லாருக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று சொல்லிக்கொண்டே போகிறது. இரண்டு பெண் குரல். வேறு எதுவும் இல்லை. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டில் அழுகை கேட்கவில்லை என்றார் வேலா பாதிரியார். ஏதோ மரத்தில் இடித்த சத்தம், லோப்பே சுவரைக் குத்தினானோ என்னவோ, அப்புறம் பூட்ஸ் படியிறங்கிப் போனது, இரண்டிரண்டு படியாக. மற்றவர்கள் போகிறார்கள். ஒரு மூச்சு மட்டும் திரைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, பெரிய வயிற்றுக்காரனின் மூச்சு. அஸ்னார். துணி அசைகிற அளவுக்குக் கிட்டே வந்து, தாழ்ந்த குரலில், இத்தனை நாள் அவரிடம் நான் கேட்காத குரல், ஓரியாம்மா, குழந்தை இருக்கா, என்று கேட்டார். அவருக்கும் வீட்டில் நாலு பிள்ளைகள். சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் யாரிடம் என்ன சொல்கிறோம் என்று இந்த வீட்டில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், இன்றைக்கு ராத்திரி, நாளைக்கு, கோவேறு கழுதை ஏற்பாடாகிற வரைக்கும்.

“பொம்பளை பேச்சு சாட்சி ஆகாதே, ஐயா.”

அவர் மூக்கிலிருந்து ஒரு சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது, போய்விட்டார், கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார், அது ஏன் மெதுவாக என்று யோசித்தேன், விட்டுவிட்டேன். கீழே முற்றத்தில் யாரோ கலிந்தோவின் பேரைக் கூவுகிறார்கள், இன்னொருவன் கூடக் கூவுகிறான், கேடயத்தில் கோலால் தட்டுகிறார்கள், இனிமேல் கொஞ்ச நேரம் சத்தமாகத்தான் இருக்கும். என் காதைப் பிடித்துத் தூங்கினவன் ராஜா. நன்றாக இருக்கட்டும். நன்றாக இருக்கட்டும் என்று நினைக்கிறேனா? நினைக்கிறேன், தூரத்தில் இருந்து நினைக்கிறேன், இங்கிருந்து சமவெளி எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்திலிருந்து. ராணிக்கு ஜுரம் இறங்கிக் குழந்தைக்குத் தாய்ப்பால் வேண்டும், ஆட்டுத்தோல் போர்வை வேண்டும், வழியில் இரண்டு ராத்திரி தங்கவேண்டும், நான் கூடப் போக வேண்டும், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் போக வேண்டும். புறங்கையை ஈரம் பண்ணப் போகிறேன், அதற்குள் ராணி குனிந்து அவன் வாயருகே தன் கன்னத்தை வைத்துக்கொண்டிருக்கிறாள், ஈரமான கன்னம், அதற்கு எச்சில் தேவையில்லை. அசையாமல் இருக்கிறாள். நானும் அசையவில்லை. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு அவள் கன்னம் சிலிர்க்கிறது, மூச்சு பட்டுவிட்டது.

“தூங்கறானா?” என்று என்னைக் கேட்கிறாள், அவளுக்கே தெரிந்ததை.

“தூங்கறான்.”

அவள் தொட்டிலை அணைத்தபடி படுத்துக்கொண்டாள், கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சும் நீண்டுவிட்டது. சாளரத்தைச் சாத்தினேன், கூச்சல் பாதியாகிவிட்டது. கணப்புச் சட்டியில் கரியைக் கிளறிவிட்டுப் பால் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தேன், எழுந்தால் வெதுவெதுப்பாக இருக்கும். கீழே விழுந்து கிடந்த துணிப்பட்டையை எடுத்துத் தூசி தட்டி, நுனியைக் கண்டுபிடித்து, முழங்காலில் வைத்து விட்ட இடத்திலிருந்து சுருட்ட ஆரம்பித்தேன்.